“வெறும் அசதிதான்” என்று இருந்து விடாதீர்கள்!

ரத்த சோகையை விரட்டச் சத்துணவு நிபுணரின் துணை: மும்பைத் தமிழ்ப் பெண்களுக்குச் சில யோசனைகள்

ரெயில் நிலையத்துப் படியில் ஏறும்போது மூச்சு வாங்குகிறது. பாதி வழியில் கைப்பிடியைப் பிடித்துக் கொண்டு நிற்க வேண்டி இருக்கிறது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் கண் இருட்டுகிறது. சாயங்காலம் ஆகிவிட்டால் எதைக் கண்டாலும் எரிச்சல் வருகிறது.

“உடம்புக்கு என்ன?” என்று கேட்டால், “ஒன்றும் இல்லை, வெறும் அசதிதான்” என்று பதில் வருகிறது.

தாராவியிலும், சயான் கோலிவாடாவிலும், செம்பூரிலும், டோம்பிவிலியிலும் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி காதில் விழும் பதில் இது. அந்த அசதிக்குப் பல சமயங்களில் ஒரு பெயர் உண்டு. அதுதான் ரத்த சோகை.

ரத்த சோகை என்றதும் ஒரு பாட்டில் டானிக் வாங்கிக் குடித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது போதாது. டாக்டர் கொடுக்கும் மருந்து ஒரு பக்கம் இருக்க, அடுப்படியிலும் சாப்பாட்டுத் தட்டிலும் சில மாற்றங்கள் வேண்டும். எந்த மாற்றம், யாருக்கு, எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்பவர்தான் படித்துத் தேர்ந்த சத்துணவு நிபுணர். ஆஸ்பத்திரிகளில் “டயட்டீஷியன்” என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும்.

பாதிக்கு மேல்

மத்திய அரசு 2019 முதல் 2021 வரை நடத்திய ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு ஓர் அதிர்ச்சியான கணக்கைத் தந்தது. 15 வயது முதல் 49 வயது வரை உள்ள இந்தியப் பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்த சோகை இருந்தது. அதே வயது ஆண்களில் 100-க்கு 25 பேருக்குத்தான் இருந்தது.

மராட்டிய மாநிலத்தில் 100-க்கு 54 பெண்கள். தமிழ்நாட்டில் 53 பெண்கள். ஊரில் இருந்தாலும் இதே கதி. மும்பைக்கு வந்தாலும் இதே கதி.

அதற்கு முந்திய ஆய்வு 2015-16-ல் நடந்தது. அப்போது மராட்டியத்தில் இந்தக் கணக்கு 48 ஆக இருந்தது. குறைய வேண்டியது கூடிவிட்டது!

ரத்த சோகையைத் தடுக்க இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கும் திட்டம் நம் நாட்டில் 1970-ல் தொடங்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் பாதிக்கு மேற்பட்ட பெண்கள் சோகையோடு நடமாடுகிறார்கள் என்றால், மாத்திரையோடு வேறு ஒன்றும் தேவை என்றுதானே பொருள்?

சோகை என்பது என்ன?

ரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்களில் “ஹீமோகுளோபின்” என்ற பொருள் இருக்கிறது. நாம் மூச்சு இழுக்கும்போது கிடைக்கும் பிராண வாயுவை உடம்பு முழுவதும் சுமந்து செல்வது அதுதான். அந்தப் பொருளை உண்டாக்க இரும்புச் சத்து வேண்டும். புரதம், போலிக் அமிலம், ‘பி12’ வைட்டமின் ஆகியவையும் வேண்டும்.

பெண்களுக்கு 100 மில்லி ரத்தத்தில் 12 கிராமுக்குக் குறையாமல் ஹீமோகுளோபின் இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு 11 கிராம். அதற்குக் கீழே போனால் சோகை.

8 கிராம், 7 கிராம் என்று குறைந்து விட்டால் அது அபாய எல்லை. கர்ப்பிணிக்குக் கடுமையான சோகை இருந்தால் பிரசவத்தின்போது சற்று ரத்தம் போனாலும் உடம்பு தாங்காது. குழந்தையும் எடை குறைவாகப் பிறக்கக்கூடும்.

ஏன் பெண்களுக்கு?

மாதவிலக்கில் ரத்தம் போகிறது. கர்ப்ப காலத்தில் தாயின் ரத்தத்தில் இருந்துதான் குழந்தைக்கு இரும்புச் சத்து போகிறது. ஆகவே ஆண்களைவிடப் பெண்களுக்கு இரும்புச் சத்து அதிகம் தேவை.

ஐதராபாத்தில் உள்ள தேசியச் சத்துணவு நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லி கிராம் இரும்புச் சத்து வேண்டும். பெண்ணுக்கோ 29 மில்லி கிராம் வேண்டும்.

தேவை அதிகம். ஆனால் கிடைப்பது எவ்வளவு? கணவருக்குப் பரிமாறி, பிள்ளைகளுக்குப் பரிமாறி, மாமனார் மாமியாரைக் கவனித்து, கடைசியில் உட்காருகிறவள் குடும்பத் தலைவி. குழம்பில் தான் எல்லோருக்கும் அள்ளிப் போட்டது போக மிஞ்சியது அவள் பங்கு. கீரையும் மீன் துண்டும் அதற்குள் தீர்ந்திருக்கும். சோறும் ரசமும் இருக்கும்.

வெறும் சோற்றில் என்ன இருக்கிறது? தீட்டிய பச்சரிசி கால் கிலோவில் 2 மில்லி கிராம் இரும்புச் சத்து கூடக் கிடையாது. வயிறு நிறைகிறது, ரத்தம் ஊறுவது இல்லை.

பரேலில் நடந்த ஆராய்ச்சி

சாப்பாட்டுக்கும் பெண்களின் ரத்த சோகைக்கும் உள்ள தொடர்பைக் காட்டிய புகழ் பெற்ற ஆராய்ச்சி ஒன்று நாம் வாழும் இந்த நகரத்திலேயே நடந்தது. பலருக்கு இது தெரியாது.

1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய லேடி டாக்டர் பம்பாய்க்கு வந்தார். பரேலில் உள்ள ஆப்கின் நிலையத்தில் இருந்து ஆராய்ச்சி செய்தார். பஞ்சாலைகளில் வேலை பார்த்த பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் கடுமையான சோகை வருவதையும், பலர் இறந்து போவதையும் கண்டார். என்ன கிருமி என்று மட்டும் அவர் தேடவில்லை. என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். கீரை, காய்கறி, பழம், பால் எல்லாம் அவர்கள் சாப்பாட்டில் மிகக் குறைவு.

ஈஸ்டில் இருந்து எடுக்கப்படும் “மார்மைட்” என்ற மலிவான சாறு ஒன்று உண்டு. ரொட்டியில் தடவிச் சாப்பிடும் பொருள். அதை முதலில் குரங்குக்குக் கொடுத்துப் பார்த்தார்; பிறகு நோயாளிகளுக்குக் கொடுத்தார். சோகை குணமாயிற்று! 1931-ல் அந்த முடிவுகளை வெளியிட்டார்.

அதில் இருந்த சத்து என்ன என்பது பிறகுதான் தெரிந்தது. 1941-ல் பசலைக் கீரையில் இருந்து அதைப் பிரித்து எடுத்தார்கள். இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லை வைத்து “போலிக் அமிலம்” என்று பெயர் இட்டார்கள். இன்று கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்தோடு சேர்த்துக் கொடுக்கும் மாத்திரையில் இருப்பது அதே போலிக் அமிலம்தான்.

“என்ன சாப்பிட்டீர்கள்?” என்று லூசி வில்ஸ் கேட்ட அதே கேள்வியைத்தான் இன்றும் சத்துணவு நிபுணர் முதலில் கேட்கிறார்.

குன்னூரில் பிறந்த கணக்கு

நிபுணர் கையில் வைத்திருக்கும் கணக்குக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. 1918-ல் நீலகிரி மாவட்டம் குன்னூரில் ஒரே ஓர் அறையில் தொடங்கிய ஆராய்ச்சிக் கூடம்தான் வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்கு மாறி, 1969-ல் தேசியச் சத்துணவு நிறுவனம் என்று பெயர் பெற்றது. அதன் இயக்குநராக இருந்து உலகப் புகழ் பெற்ற டாக்டர் சி.கோபாலன் சேலத்தில் பிறந்தவர்.

அரிசியில் எவ்வளவு, கேழ்வரகில் எவ்வளவு, முருங்கைக் கீரையில் எவ்வளவு என்று இந்திய உணவுகளை எல்லாம் அளந்து பட்டியல் போட்டவர்கள் அவர்கள். 2017-ல் வெளியான புதிய பட்டியலில் 528 உணவுப் பொருள்கள் இருக்கின்றன. ஆகவே நிபுணரிடம் போனால் ஓட்சும், ஆலிவ் எண்ணெயும்தான் வாங்கச் சொல்வார் என்று பயப்பட வேண்டாம். நம் வீட்டு இட்லிக்கும் சாம்பாருக்கும் அவரிடம் கணக்கு இருக்கிறது.

முதலில் டாக்டர்

ஒன்றை மறக்கக் கூடாது. சத்துணவு நிபுணரிடம் போகும் முன்பு டாக்டரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்து கொள்ள வேண்டும்.

காரணம், சோகை எல்லாமே இரும்புச் சத்துக் குறைவால் வருவது அல்ல. மாதவிலக்கில் அளவுக்கு மீறி ரத்தம் போவதாக இருக்கலாம். மூலத்தில் ரத்தம் போகலாம். வயிற்றில் கொக்கிப் புழு இருக்கலாம். சிறுநீரகக் கோளாறோ, காச நோயோ உள்ளே மறைந்து இருக்கலாம். “தலசீமியா” என்ற பரம்பரைக் குறை உள்ளவர்கள், தேவையா என்று பார்க்காமல் இரும்புச் சத்து சாப்பிட்டுக் கொண்டே இருப்பது நல்லது அல்ல.

மாலைக் காய்ச்சல், இருமல், காரணம் இல்லாமல் உடம்பு மெலிவது, மாதவிலக்கு நின்ற பிறகும் ரத்தம் படுவது: இவற்றில் எது இருந்தாலும் சாப்பாட்டு யோசனை பிறகு இருக்கட்டும், உடனே டாக்டரிடம் போங்கள்.

நோயைக் கண்டுபிடிப்பது டாக்டர் வேலை. அந்த நோய்க்கும், உங்கள் வருமானத்துக்கும், உங்கள் நாக்குக்கும் பொருந்தச் சாப்பாட்டை அமைப்பது சத்துணவு நிபுணர் வேலை.

என்ன கேட்பார்?

உயரம், எடை பார்ப்பார். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் படிப்பார். பிறகு, “நேற்றுக் காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை என்னென்ன சாப்பிட்டீர்கள்?” என்று கேட்பார்.

எத்தனை இட்லி, எத்தனை கரண்டி சாம்பார், எத்தனை கிளாஸ் டீ, டீயில் எத்தனை கரண்டி சர்க்கரை, வீட்டுக்கு மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய், அதைச் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர் என்று எல்லாம் கேட்பார். மாதவிலக்கு எத்தனை நாள் என்பதையும் கேட்பார். வெட்கப்படாமல் சொல்ல வேண்டும்.

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். “பால் குடிக்கிறேன், பழம் சாப்பிடுகிறேன்” என்று கௌரவத்துக்காகச் சொன்னால் கணக்கு தப்பும். நஷ்டம் உங்களுக்குத்தான்.

ஓர் உதாரணம்

தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். வீட்டு அம்மாளுக்கு 40 வயது. விடியற்காலை 3 மணிக்கு எழுந்து இட்லி அவிக்கிறார். 5 மணிக்கு ஒரு டீ; இரண்டு பிஸ்கட். கணவர் சைக்கிளில் இட்லிப் பாத்திரத்தைக் கட்டிக் கொண்டு கிளம்பிய பிறகு இன்னொரு டீ. பத்து மணிக்கு மிச்சம் இருந்த மூன்று இட்லி, தேங்காய்ச் சட்டினி. உடனே ஒரு டீ. மதியம் 3 மணிக்குச் சோறு, ரசம், அப்பளம். மாலையில் டீ. இரவு மீண்டும் சோறு. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9 கிராம்தான் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம்.

இவருக்குச் சத்துணவு நிபுணர் என்ன சொல்வார்? இட்லியை விடச் சொல்ல மாட்டார். இட்லி நல்ல உணவு. மாவு புளிக்கும்போது, இரும்புச் சத்து உடம்பில் சேர விடாமல் தடுக்கும் பொருள்கள் குறைகின்றன. ஆகவே இட்லி இருக்கட்டும்; சட்டினிக்குப் பதில் பருப்பும் காயும் போட்ட கெட்டிச் சாம்பார் வேண்டும் என்பார்.

சாப்பிட்டதும் குடிக்கும் டீயை ஒரு மணி நேரம் தள்ளச் சொல்வார்.

மதியச் சோற்றோடு கீரைப் பொரியலோ, முளை கட்டிய பயறோ ஒரு கிண்ணம் சேர்க்கச் சொல்வார். அதன்மேல் அரை எலுமிச்சம்பழம் பிழிந்து கொள்ளச் சொல்வார். மீன் சாப்பிடுகிறவர் என்றால் வாரம் இரண்டு மூன்று நாள் அயிலை மீனோ, முட்டையோ தன் தட்டிலும் விழ வேண்டும் என்று சொல்வார். பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கைப்பிடி வறுத்த கடலை.

எல்லாம் தெருக்கோடியில் கிடைப்பவை. செலவு பெரிதாக ஏறவில்லை. மாறியது இரண்டு: என்ன சாப்பிடுவது என்பது ஒன்று, எதோடு சேர்த்து, எப்போது சாப்பிடுவது என்பது மற்றொன்று.

டீயும் காபியும்

கீரை, பயறு, தானியம் இவற்றில் உள்ள இரும்புச் சத்து முழுவதும் ரத்தத்தில் சேர்வது இல்லை. பத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலே பெரிது. சாப்பாட்டோடு டீ குடித்தால் அதுவும் குறைகிறது. டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக் கொள்கிறது. காபியும் அப்படித்தான். மாட்டுங்கா ஓட்டலில் சாப்பாடு முடிந்ததும் ஒரு பில்டர் காபி குடித்தால்தான் திருப்தி என்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

‘சி’ வைட்டமின் இதற்கு நேர் எதிர். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா, தக்காளி ஆகியவை இரும்புச் சத்து உடம்பில் சேரத் துணை செய்கின்றன. எலுமிச்சையை அடுப்பில் கொதிக்க விடாமல் இறக்கிய பிறகு பிழிய வேண்டும்.

பாட்டி காலத்து இரும்புச் சட்டியைப் பரணில் போட்டு விட்டீர்களா? கீழே இறக்குங்கள். அதில் சமைத்தால் கொஞ்சம் இரும்பு குழம்போடு சேரும். சமைத்ததும் வேறு பாத்திரத்தில் மாற்றி விட வேண்டும்.

சிவப்பு எல்லாம் ரத்தம் ஆகாது

பீட்ரூட் சாறு குடித்தால் ரத்தம் ஊறும், மாதுளை சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்று பலர் நம்புகிறார்கள். நிறம்தான் சிவப்பே தவிர, இரண்டிலும் இரும்புச் சத்து மிகக் குறைவு. நூறு கிராம் கம்பில் 6 மில்லி கிராமுக்கு மேல் இருக்கிறது. முருங்கைக் கீரையில் 4 மில்லி கிராமுக்கு மேல் இருக்கிறது. மாதுளைக்குக் கொடுக்கும் காசில் எத்தனை கட்டுக் கீரை வாங்கலாம் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

சைவக் குடும்பங்கள்

‘பி12’ வைட்டமின் செடி கொடிகளில் கிடைப்பது இல்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில்தான் இருக்கிறது. பாலும் தயிரும் கூடப் போதிய அளவு சேர்க்காத சைவப் பெண்களுக்கு அது குறைந்து சோகை வரலாம். கை கால் மரத்துப் போவது, பாதத்தில் ஊசி குத்துவது போன்ற உணர்ச்சி, மறதி ஆகியவை அதன் அறிகுறிகள்.

இந்தச் சோகைக்கு இரும்பு மாத்திரையை எத்தனை மாதம் விழுங்கினாலும் பயன் இல்லை. பரிசோதனை செய்து, ‘பி12’ மருந்தே எடுத்துக் கொள்ள வேண்டும். எந்தச் சத்து குறைவு என்று தெரியாமல் டானிக் குடிப்பது, முகவரி எழுதாமல் கடிதத்தைத் தபால் பெட்டியில் போடுவது போன்றதுதான்.

ஒரே பானை, மூன்று பெண்கள்

ஒரு வீட்டில் 16 வயது மகள், 42 வயது தாய், 66 வயது பாட்டி இருக்கிறார்கள். பானை ஒன்றுதான். ஆனால் மூவருக்கும் தேவை வெவ்வேறு.

மகளுக்கு வளரும் வயது, மாதவிலக்கும் உண்டு. அவளுக்கு ஒரு நாளைக்கு 32 மில்லி கிராம் இரும்புச் சத்து வேண்டும். தாயைவிட அதிகம்! “பெண் குண்டாகிவிடுவாள்” என்று அவள் சோற்றைக் குறைக்கிறோம். அல்லது அவளே குறைத்துக் கொள்கிறாள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கல்லூரிக்கு ஓடி, வழியில் ஒரு வடா பாவ் தின்றால் ரத்தம் எங்கிருந்து வரும்?

தாய்க்கு எடை கூடி இருக்கலாம். உடம்பு பருமனாக இருப்பவருக்குச் சோகை இருக்காது என்று நினைப்பது தவறு. மாவுச் சத்தும் எண்ணெயும் மிகுந்து, மற்றச் சத்துகள் குறைந்தால் பருமனும் சோகையும் சேர்ந்தே இருக்கும். சர்க்கரை நோயும் இருந்தால் வெல்லம், பேரீச்சம்பழம் என்று யாரோ சொன்ன யோசனை அவருக்கு ஆகாது.

பாட்டிக்கு எலும்பு தேய்கிறது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்குச் சுண்ணாம்புச் சத்து ஒரு நாளைக்கு 1200 மில்லி கிராம் வேண்டும். பல் இல்லாததால் அவர் பயறும் காயும் ஒதுக்குகிறார். நூறு கிராம் கேழ்வரகில் 360 மில்லி கிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதைக் கூழாகக் காய்ச்சிக் கொடுத்தால் அவரும் குடிப்பார்.

ஒரே சமையலில் மூன்று தட்டுகளுக்கும் வழி செய்வது எப்படி என்று சொல்வதுதான் நிபுணரின் திறமை. பத்திரிகையில் படிக்கும் பொது யோசனை, இந்தக் கட்டுரை உட்பட, அந்த வேலையைச் செய்ய முடியாது.

கடையில் என்ன கேட்பது?

மும்பையில் சத்துணவு நிபுணர் பெரும்பாலும் மராத்தியிலோ இந்தியிலோதான் பேசுவார். ஊரில் இருந்து புதிதாக வந்த பெண்கள் பெயர் தெரியாமல் தலையாட்டி விட்டு வந்து விடுகிறார்கள். மராத்திப் பெயர்களை வெட்டி வைத்துக் கொள்ளுங்கள்:

கேழ்வரகு: நாச்சணி. கம்பு: பாஜ்ரி. சோளம்: ஜ்வாரி. கொள்ளு: குளீத். காராமணி: சவளி. வெந்தயக் கீரை: மேத்தி. முருங்கை: ஷேவ்கா. நெல்லிக்காய்: ஆவளா. எள்: தீள். வெல்லம்: கூள். நிலக்கடலை: ஷேங்தாணே. அயிலை மீன்: பாங்டா.

ஒரு பெயரில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். மராத்தியில் “அளீவ்” என்பது நம் ஆளி விதை அல்ல. பிள்ளை பெற்றவர்களுக்கு இங்கே லட்டு பிடித்துக் கொடுப்பார்களே, அந்தச் சிறிய சிவந்த விதை அது. நம் ஆளி விதைக்கு இங்கே பெயர் “ஜவஸ்”. கர்ப்பிணிகள் அளீவ் விதையை டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது.

தமிழும் மராத்தியும் தெரிந்த மகளையோ, பக்கத்து வீட்டுப் பெண்ணையோ துணைக்கு அழைத்துப் போவது நல்லது.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்

சாப்பாடு சரியாகி விட்டது என்று டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தி விடக் கூடாது. குறைந்து போன ரத்தத்தைச் சாப்பாடு மட்டும் விரைவில் ஈடு செய்ய முடியாது.

2018-ல் தொடங்கிய “அனீமியா முக்த் பாரத்” திட்டப்படி, கர்ப்பிணிகள் நான்காவது மாதத்தில் இருந்து 180 நாளும், பிரசவத்துக்குப் பிறகு 180 நாளும் தினம் ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். இது அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கிடைக்கிறது.

பலர் பத்து நாளில் நிறுத்தி விடுகிறார்கள். மலம் கறுப்பாகப் போகிறது என்று பயப்படுகிறார்கள். அது இரும்புச் சத்தின் நிறம், பயம் வேண்டாம். குமட்டல், மலச்சிக்கல் வந்தால் நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். நேரத்தை மாற்றியோ, மருந்தை மாற்றியோ கொடுப்பார். மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள். சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் இரும்பு மாத்திரையும் ஒரே நேரத்தில் கூடாது.

ஒழுங்காகச் சாப்பிட்டால் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் சுமார் 1 கிராம் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் காரணம் வேறு ஏதோ இருக்கிறது. மீண்டும் பார்க்க வேண்டும். 12 கிராமைத் தொட்ட பிறகும், உடம்பில் சேமிப்பு நிறைய, சில மாதங்கள் மருந்தைத் தொடரச் சொல்வார்கள். ஆகவே ஒருமுறை போய்ச் சீட்டு வாங்கி வந்தால் போதாது. மாதம் ஒருமுறை போய் வர வேண்டும்.

யார் நிபுணர்?

இப்போது தெருவுக்குத் தெரு “நியூட்ரிஷன் சென்டர்” பலகை தொங்குகிறது. கைப்பேசியைத் திறந்தால் யோசனை சொல்கிறவர்களுக்குக் குறைவு இல்லை. பலகை மாட்டுவது எளிது, படிப்பு வேறு.

சத்துணவு இயலிலோ, உணவு மருத்துவ இயலிலோ பட்டமும், மேற்பட்டமோ பட்டமேற்படிப்பு டிப்ளமோவும் பெற்று, ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்தவரே தகுதி உள்ளவர். மும்பையில் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகமும், கோவையில் அவினாசிலிங்கம் நிறுவனமும் இந்தப் படிப்புக்குப் பெயர் பெற்றவை. இந்திய உணவு இயலார் சங்கத்தின் தேர்வு எழுதித் தேறியவர்கள் பெயருக்குப் பின்னால் ‘ஆர்.டி.’ என்று போட்டுக் கொள்வார்கள். 2021-ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழிலாளர் சட்டத்தில் இந்தத் தொழிலும் சேர்க்கப்பட்டது. “என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி எடுத்தீர்கள்?” என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல, உங்கள் உரிமை.

பவுடர் டப்பா விற்பவர், ஒரே மாதத்தில் 10 கிலோ குறைத்துக் காட்டுகிறேன் என்பவர், டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தூக்கி எறியச் சொல்பவர், ரத்தச் சீட்டைப் பார்க்காமலே எல்லோருக்கும் ஒரே அச்சடித்த தாளைக் கொடுப்பவர்: இவர்கள் வாசலை மிதிக்காதீர்கள்.

எங்கே போவது?

தாராவி, சயான் பகுதியில் இருப்பவர்களுக்குச் சயான் ஆஸ்பத்திரி என்ற லோகமான்ய திலகர் மாநகராட்சி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. பரேலில் கே.இ.எம். ஆஸ்பத்திரி இருக்கிறது. இத்தகைய பெரிய மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் வெளிநோயாளியாகப் போய் டாக்டரைப் பார்த்ததும், “டயட்டீஷியனைப் பார்க்கச் சீட்டு எழுதிக் கொடுங்கள்” என்று நீங்களாகவே கேளுங்கள். கூட்டத்தில் டாக்டருக்கு அது நினைவு வராமல் போகலாம்.

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் தங்கள் பகுதி அங்கன்வாடியில் பெயரைப் பதிவு செய்தால் சத்துணவும் கிடைக்கும்.

போகும்போது மூன்று பொருள்களை மறக்காதீர்கள்: ரத்தப் பரிசோதனைச் சீட்டு, சாப்பிடும் மாத்திரைகள், மூன்று நாள் சாப்பிட்டதை எழுதிய ஒரு தாள். எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை எழுதச் சொல்லலாம்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை

நிபுணர் எழுதிக் கொடுக்கும் சீட்டு வீட்டில் நிறைவேறுவதும் நிறைவேறாததும் ஆண்கள் கையில் பெரும்பாலும் இருக்கிறது. “உனக்கு மட்டும் என்ன தனிச் சாப்பாடு?” என்று மாமியாரோ கணவரோ ஒரு வார்த்தை சொல்லி விட்டால், அந்தத் தாள் அரிசி டப்பாவுக்கு அடியில் போய்விடும்.

தனிச் சாப்பாடு எதுவும் வேண்டாம். இருப்பதில் பங்கு வேண்டும். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். அது முடியாத வீடுகளில், பரிமாறத் தொடங்கும் முன்பே அவளுக்கு உரிய கீரையையும், பருப்பையும், மீன் துண்டையும் ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள். மற்றவர் சாப்பிட்டு முடித்த பிறகு மிஞ்சியதைத் தேட வேண்டிய நிலை அவளுக்கு வராது.

சகோதரிகளே! அடுத்த முறை பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, உங்கள் பெயரிலும் ஒரு சீட்டு எடுங்கள். ரத்தத்தைப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அசதி என்று நீங்கள் நினைத்துக் கொண்டிருப்பதன் உண்மைப் பெயர் அப்போது தெரிந்து விடும்.